தங்கை அனுப்பிய ஆள்

மார்ச் 4

அன்புத் தங்கைக்கு,

போனில் பேச ஆரம்பித்தால் பாதியிலேயே வைத்துவிடுகிறேன், அதனால் எழுதுகிறேன். ஆலைத் தீயில் ஆளைப் பறிகொடுத்த வீடுகளுக்கெல்லாம் நீ பயிற்சி கொடுத்த தொண்டர்கள் ஆறுதலாகப் பக்கத்தில் உட்கார வருகிறார்கள். எனக்கு வாய்த்தவள் பக்கத்துத் தெருத் தையல்காரி. "உள்ள வரலாமா?" என்று கேட்டுத்தான் வந்தாள். கையைப் பிடிக்கும் முன்னும் கேட்டாள். "எல்லாம் சரியாயிடும்" என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. சொந்தக்காரர்கள் அதைச் சொல்லிச் சொல்லியே என் உயிரை எடுத்தார்கள். உன் அத்தான் போனபிறகு அன்றைக்குத்தான் வயிறாரச் சாப்பிட்டேன்.

அது சரி, நீ எப்போது வருகிறாய்? அடக்கத்தன்று காலில் வெந்நீரை ஊற்றிக்கொண்டு ஓடியவள்தானே!

அக்கா

மார்ச் 15

அன்புள்ள அக்காவுக்கு,

தையல்காரி என் வகுப்பிலேயே கெட்டிக்காரி. முதல் நாள் வகுப்பில் அவளும் மற்றவர்களைப் போலப் புத்திமதியாகப் பொழிந்தாள். "வாயை மூடிட்டுக் காதைத் திற" என்று படாத பாடு பட்டுத்தான் வழிக்குக் கொண்டுவந்தேன்.

வர ஆசைதான். ஒரு குழு முடிவதற்குள் அடுத்த குழு வந்து நிற்கிறது. அதோடு, சொந்த வீட்டுக்கு ஆறுதல் சொல்லப் போகக் கூடாது என்பது எங்கள் விதி. நம் துக்கத்தையும் சேர்த்து அவர்கள் தலையில் இறக்கிவிடுவோம். மாத்திரையை விடாமல் போடு.

உன் வாலு

ஏப்ரல் 2

அன்புத் தங்கைக்கு,

நான் தொண்டரையா கேட்டேன்? உன் துக்கத்தை என் தலையில் இறக்கினால்தான் என்னவாம்? தையல்காரி தங்கமானவள், ஆனால் அவரை அவளுக்குத் தெரியாது. உனக்கு வாலு என்று பெயர் வைத்ததே அவர்தான். அவரை நினைத்துச் சேர்ந்து அழ எனக்கு உன்னை விட்டால் யார் இருக்கிறார்கள்? ஒரே ஒரு நாள் வந்துவிட்டுப் போ.

அக்கா

ஏப்ரல் 10

அக்கா, கோபித்துக்கொள்ளாதே. உன் வீட்டுப் படியேறினால் நான் நொறுங்கிப்போவேன். அப்புறம் வகுப்பில் எந்த முகத்தோடு நிற்பேன்? இந்தக் குழு முடியட்டும், கட்டாயம் வருகிறேன்.

வாலு

ஏப்ரல் 21

தங்கைக்கு,

வகுப்பில் அப்படி என்னதான் சொல்லித் தருகிறார்கள் என்று தையல்காரியிடம் சும்மா கேட்டுவைத்தேன்.

"ஒருத்தர் பறிகொடுத்தவங்களா நடிக்கணும், இன்னொருத்தர் பக்கத்துல உக்காரணும். எப்பவும் டீச்சரேதான் புருஷனைப் பறிகொடுத்தவங்க. 'வீட்ல நான் ஒருத்திதான். இருந்தாலும் அவர் உள்ள இருப்பார்னு குளியலறைக் கதவைத் தட்டிட்டுத்தான் போறேன்'னு சொல்லித் தேம்பித் தேம்பி அழுவாங்க. எல்லாரும் எழுந்து போய்க் கையைப் பிடிச்சுப்போம். அசல் மாதிரியே இருக்கும்!" என்றாள்.

கதவைத் தட்டுவதை உன் ஒருத்தியிடம்தான் போனில் சொன்னேன்.

அது என் கதை என்று அவளிடம் நான் சொல்லவில்லை. உன்னை அவள் அப்படிக் கொண்டாடுகிறாள், அதை ஏன் கெடுக்க வேண்டும்? என்னைக் கேட்காமல் சொன்னதுகூடப் பெரிதில்லை. என்னோடு அழ வேண்டியதை முன்பின் தெரியாதவர்களிடம் அழுது தீர்த்துவிட்டாயே, அதுதான் ஆறவில்லை.

இனி வர வேண்டாம். எழுதவும் வேண்டாம். அடுத்த வகுப்பில் என் வேஷத்தை விட்டுவிடு. அக்கா வீட்டுக்குப் போகாத தங்கையாக நடி. உன் கையைப் பிடிக்க யார் எழுந்து வருகிறார்கள் என்று பார்.

அக்கா