எண்ணெய் காயாத வீடு

கர்ஜத்
23.6.2024

அன்புள்ள கீதாவுக்கு,

வெயிலுமுத்து எழுதுகிறேன். கல்யாணமான பதினாறு வருஷத்தில் உனக்கு நான் எழுதும் முதல் கடிதம் இது. தாராவியில் ஒரே அறையில் இருந்தவர்களுக்குள் கடிதம் எதற்கு? இந்த மறுவாழ்வு இல்லத்தில் தொண்ணூறு நாளைக்கு ஃபோன் கிடையாது, கடிதம் மட்டும் போடலாம் என்று சொல்லிவிட்டார்கள். உன் தம்பி செல்வம் என்னை இங்கே கொண்டுவந்து சேர்த்துப் பதினான்கு நாள் ஆகிறது. குடிக்காமல் பதினான்கு நாள். முதல் வாரம் பேனாவே பிடிக்க முடியவில்லை. இப்போது எழுத்து கோணல்தான் என்றாலும் உன்னால் வாசிக்க முடியும் என்று நினைக்கிறேன்.

எங்களுக்கு ஆலோசனை சொல்ல அஃப்ஷா மேடம் என்று ஒருவர் வருகிறார். வீட்டுக்கு என்ன எழுத என்று கேட்டேன். "மன்னிச்சிடுன்னு எழுதாதீங்க. அதை நிறைய தடவை சொல்லியிருப்பீங்க. என்ன செஞ்சீங்களோ அதை எழுதுங்க" என்று ஹிந்தியில் சொன்னார். அதனால் எழுதுகிறேன்.

மே மாதக் கடைசி ஞாயிறு, மத்தியானம், குடித்துவிட்டு வந்தேன். கையில் கடையில் வாங்கிய கோழித்தொடை வறுவல் இருந்தது. வரும் வழியில் நமுத்துப் போயிருந்தது. மொறுமொறுவென்று இருந்தால்தான் எனக்கு அடுத்த கிளாஸ் இறங்கும். மறுபடி பொரித்துக் கொடு என்றேன். எண்ணெய் காயட்டும், பொறுங்கள் என்றாய். நான் பொறுக்கவில்லை. சட்டியின் காதைப் பிடித்து இழுத்தேன். எண்ணெய் உன் இடது கையில் கொட்டியது. சாதனா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரியில் நீ "கை தவறிட்டு" என்று சொன்னாய். தவறியது உன் கை இல்லை.

என்னைச் சமையலறை வேலையில் போட்டிருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை கோழி. அந்த வாசனை வந்ததும் நாக்கு சாராயத்தைத் தேடியது. எழுந்து வெளியே போய் மழையில் நின்றேன்.

கை எப்படி இருக்கிறது? மனம் இருந்தால் ஒரு வரி எழுது.

வெயிலுமுத்து

•

தாராவி
3.7.2024

சாதனா அப்பாவுக்கு,

கீதா எழுதிக்கொள்வது. கடிதம் வந்தது. சாதனா கையில்தான் தபால்காரர் கொடுத்தார். ஒன்பதாம் வகுப்புப் படிக்கிறாள், தமிழ் ஒரு எழுத்து தெரியாது. உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "என்னம்மா எழுதியிருக்காங்க?" என்று கேட்டாள். நல்லா இருக்காங்களாம் என்று மட்டும் சொன்னேன். அவளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்காமல் விட்டோமே என்று இத்தனை நாள் வருத்தப்பட்டிருக்கிறேன். அன்றைக்குத்தான் அது நல்லதாகப் போயிற்று.

கை ஆறிவிட்டது. மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை தோல் வேறு நிறமாக இருக்கிறது. முழுக்கை ரவிக்கை போட்டுத்தான் பள்ளிக்கூட வேலைக்குப் போகிறேன். சின்னப் பிள்ளைகளைக் கழுவி விடுகிற ஆயா வேலையில் கையை மூடிக்கொண்டு இருப்பது கஷ்டம்தான். "ஆன்ட்டி, இது என்ன?" என்று கேட்கிறார்கள். மேப் என்று சொல்லியிருக்கிறேன். ஒருத்தி அதில் நாக்பூர் எங்கே என்று தேடுகிறாள்.

நம் வீட்டில் இப்போது எண்ணெய் காய்வதில்லை. இட்லி, கஞ்சி, அவித்த காய், பருப்பு. தாளிப்பதுகூட இல்லை. எண்ணெய் சடசடவென்று சத்தம் போட்டால் உடனே அடுப்பை அணைத்துவிடுகிறேன். சாதனா ஒரு நாள் தட்டைத் தள்ளிவிட்டு, "நாம என்ன பேஷண்ட்டா?" என்றாள். அவள் கேட்டதில் தப்பு இல்லை.

நீங்கள் அன்று நடந்ததை நடந்தபடி எழுதியது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. இரண்டு முறை வாசித்தேன். அதற்கு மேல் அதைப் பற்றி எழுத எனக்கு இப்போது தெம்பு இல்லை. கோழியைப் பற்றி இனி எழுத வேண்டாம்.

மழைக்குக் கூரையில் ஒழுகுகிறது. செல்வம் ப்ளாஸ்டிக் போட்டுக் கொடுத்தான்.

கீதா

•

கர்ஜத்
14.7.2024

அன்புள்ள கீதாவுக்கு,

கோழியைப் பற்றி எழுத வேண்டாம் என்று சொல்லியிருக்கிறாய். தெரிந்தே எழுதுகிறேன், கோபப்படாதே. சாதனா தட்டைத் தள்ளினாள் என்று எழுதியிருந்தாயே, அதற்காகத்தான்.

இங்கே சமையல் செய்கிறவர் சாயிரா அக்கா. பம்பாய் சீத்தா கேம்ப்காரி. நம் தமிழ்தான், வாய் மட்டும் கொஞ்சம் நீளம். போன ஞாயிறும் நான் வெளியே ஓடப் பார்த்தேன். கரண்டியை நீட்டி வழியை மறித்தார்.

"எங்க ஓடுதீரு? கோழி உம்மள என்ன செஞ்சுது?"

"வாசனை வந்தா குடிக்கணும் போல இருக்கு அக்கா."

"தின்னு பாத்தா குடிச்சீரு? குடிச்சிட்டுத் தின்னீரு. கோழி ருசி உமக்கு இன்னும் தெரியவே தெரியாது. நில்லும் இங்க."

நின்றேன். மேடையைப் பிடித்துக்கொண்டுதான். ஆனால் நின்றேன்.

அவர் சட்டி நிறைய எண்ணெய் வைப்பதே இல்லை. அதைத்தான் உனக்குச் சொல்ல வந்தேன். கடையில் தொடைக்கறியை எலும்போடும் தோலோடும் கேட்டு வாங்க வேண்டும். துணியால் ஈரமே இல்லாமல் ஒற்றி எடுக்க வேண்டும். உப்பு, மிளகுத்தூள், மிளகாய்த்தூள், கொஞ்சம் மஞ்சள். பூண்டை நசுக்கிக் கறிப் பக்கம் மட்டும் தடவ வேண்டும், தோல் பக்கம் தடவினால் கருகிக் கசக்கும். காலையில் தடவி, மூடாமல் ஃப்ரிட்ஜில் வைத்துவிடு. மத்தியானம் எடுக்கும்போது தோல் காகிதம் மாதிரி காய்ந்திருக்கும். அதன் மேல் அரிசி மாவை லேசாகத் தூவு.

தோசைக்கல் சூடாவதற்கு முன்னாலேயே தோல் பக்கம் கீழே இருக்கும்படி வைத்துவிட வேண்டும். அதற்குப் பிறகுதான் அடுப்பைப் பற்ற வைக்க வேண்டும், நடுத்தர தீ. மேலே ஒரு தட்டு, தட்டின் மேல் தண்ணீர்ச் செம்பு. கால் மணி நேரம் தொடவே கூடாது. தோலில் இருக்கிற கொழுப்பு மெதுவாக உருகி, அதிலேயே அது பொரிகிறது. வெந்ததும் கல்லை விட்டுத் தானாகவே கழன்று வரும். பிடித்து இழுத்தால் தோல் கிழிந்துவிடும். திருப்பிப் போட்டு இன்னும் பத்துப் பன்னிரண்டு நிமிஷம், எலும்பு ஓரம் சிவப்பு இல்லாமல் வெந்தால் போதும். எலுமிச்சையைத் தட்டில் வைத்த பிறகு பிழி.

சத்தம் வரும். பொய் சொல்லக் கூடாது. ஆனால் சட்டி எண்ணெய் மாதிரி சீறாது. மழை தூறுகிற மாதிரி இருக்கும்.

நான் ஒரு துண்டு தின்றேன். சாயிரா அக்கா சொன்னது சரி. உப்பும் மிளகும் தனித்தனியாகத் தெரிந்தன. எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. "மிளகாய் ஏறிட்டு" என்று சொல்லி முகம் கழுவப் போனேன்.

எனக்காகச் செய்யச் சொல்லவில்லை. நான் அங்கே இல்லாதபோது, நீங்கள் இருவரும் உங்களுக்காகச் செய்து சாப்பிடுங்கள்.

வெயிலுமுத்து

•

தாராவி
28.7.2024

சாதனா அப்பாவுக்கு,

கீதா எழுதிக்கொள்வது. உங்கள் கடிதத்தைப் பத்து நாள் பெட்டியில் வைத்திருந்தேன். சாதனா விடவில்லை. "என்ன எழுதியிருக்காங்க, முழுசா வாசி" என்று ஒரே பிடிவாதம். சாயிரா அக்கா பேசியதிலிருந்து வாசித்துக் காட்டினேன். சிரித்தாள். அப்புறம், "செய்யலாமாம்மா?" என்றாள்.

இன்று காலை கடைக்குப் போனோம். தோலோடு வேண்டும் என்றதும் கடைக்காரருக்கு நம்பிக்கை வரவில்லை. "ஸ்கின் கே ஸாத்? பக்கா?" என்று மூன்று தடவை கேட்டார். பம்பாயில் எல்லாரும் தோலை உரிக்கச் சொல்கிறவர்கள்தானே. சாதனா, "பக்கா, பக்கா" என்று பெரிய மனுஷி மாதிரி சொன்னாள். நான்கு துண்டு வாங்கினோம்.

நீங்கள் எழுதியபடியே செய்தேன். கல்லில் வைத்தாயிற்று. அடுப்பைப் பற்ற வைக்கத்தான் என்னால் முடியவில்லை. லைட்டர் கையிலேயே இருந்தது. சாதனா வந்து என் இடது கையைப் பிடித்துக்கொண்டாள், தழும்பின் மேலேயே. "நீ வாசல்ல போய் நில்லும்மா, நான் பத்த வைக்கேன்" என்றாள்.

அவளை நிற்க வைத்துவிட்டு நான் வாசலுக்குப் போவதா? நானே பற்ற வைத்தேன்.

முதலில் ஒன்றுமில்லை. பிறகு மெல்ல ஆரம்பித்தது. நீங்கள் சொன்ன மாதிரி மழைச் சத்தமாக எனக்குக் கேட்கவில்லை. எண்ணெய் மாதிரிதான் கேட்டது. வியர்த்துக் கொட்டியது. ஆனால் யாரும் எதையும் இழுக்கவில்லை. யாரும் கத்தவில்லை. கால் மணி நேரம் அம்மாவும் மகளும் கல்லைப் பார்த்துக்கொண்டு நின்றோம், அவ்வளவுதான். பிறகு தோசைத்திருப்பியை விட்டதும் அது அப்படியே கழன்று வந்தது. நல்ல தேன் நிறம். கடித்தபோது சாதனாவின் பல்லில் அப்பளம் உடைகிற சத்தம் கேட்டது. நான்கையும் இரண்டு பேருமே தின்று தீர்த்தோம். உங்களுக்கு என்று ஒன்று எடுத்து வைக்கத் தோன்றவில்லை. உள்ளதைச் சொல்கிறேன்.

அடுப்பை அணைத்த பிறகு சாதனா கேட்டாள், "அப்பா எப்பம்மா வாராங்க?"

செப்டம்பர் ஏழு என்றேன். அவள் தட்டுகளைக் கழுவ எடுத்துக்கொண்டு போனாள். அந்தத் தேதியைப் பற்றி உங்களுக்கு ஒன்று எழுத வேண்டும் என்று பேனாவை எடுக்கிறேன். எழுத வரவில்லை.

கீதா

•

கர்ஜத்
18.8.2024

அன்புள்ள கீதாவுக்கு,

நீ எழுத வராமல் விட்டது என்ன என்று எனக்குத் தெரியும். நானே எழுதிவிடுகிறேன்.

செப்டம்பர் ஏழாம் தேதி நான் வீட்டுக்கு வரவில்லை.

ஐரோலியில் கம்ப்யூட்டர் கம்பெனிகள் இருக்கிற பக்கம், சாயிரா அக்காவின் தம்பி ஒரு கேன்டீன் நடத்துகிறார். சமையல் உதவிக்கு ஆள் வேண்டுமாம். வேலை செய்கிறவர்கள் தங்க அறை இருக்கிறது. அங்கேயே குடியை விட்டவர்கள் கூடும் கூட்டம் வாரம் இரண்டு நாள் நடக்கிறது. பைப் பட்டறைக்குத் திரும்பினால் கட்டிங் மேஜையில் உட்கார்ந்த அன்றே பழைய ஆட்கள் வந்துவிடுவார்கள். தோல் பை வெட்டுகிற வேலை தவிர எனக்கு வேறு தெரியாது என்று நினைத்திருந்தேன். வெங்காயமும் வெட்ட வருகிறது.

முக்கியக் காரணம் அது இல்லை. எனக்குப் பயமாக இருக்கிறது. இங்கே என்னைச் சுற்றிச் சுவர் இருக்கிறது, அதனால் குடிக்கவில்லை. வெளியே எப்படி என்று எனக்கே தெரியாது. தெரியாத ஒருத்தனை உங்கள் இருவர் நடுவில் கொண்டுவந்து வைக்க எனக்கு மனமில்லை.

நீ சம்மதித்தால் ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். வேண்டாம் என்றால் வரமாட்டேன். யாரிடமும் குறை சொல்லமாட்டேன்.

வெயிலுமுத்து

•

தாராவி
25.8.2024

அன்புள்ள அத்தானுக்கு,

கீதா எழுதிக்கொள்வது. உங்கள் கடிதம் வந்தபோது நான் சோறு வடித்துக்கொண்டிருந்தேன். "வீட்டுக்கு வரவில்லை" என்ற வரியை வாசித்ததும் பானையை இறக்கி வைத்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். மூன்று தடவை "வராதீர்கள்" என்று எழுதி மூன்று தடவையும் கிழித்துப் போட்டிருந்தேன். புருஷன் குணமாகி வருகிறான் என்றதும் வராதே என்று சொல்கிறவள் என்ன பொம்பளை என்று என்னையே திட்டிக்கொண்டிருந்தேன். அந்தப் பழியை என்மேல் விழாமல் நீங்கள் எடுத்துக்கொண்டீர்கள்.

நிம்மதியாக இருக்கிறது என்று எழுதினால் உங்களுக்கு வலிக்கும். ஆனாலும் எழுதுகிறேன். நீங்கள் உள்ளதை எழுதும்போது நான் மட்டும் மழுப்பக் கூடாது.

சாதனாவிடம் சொன்னேன். "சண்டே வரட்டும். வந்து அவங்களே செய்யட்டும், நாம உக்காந்து திம்போம்" என்றாள்.

செப்டம்பர் பதினைந்து, ஞாயிறு. பதினோரு மணிக்கு வாருங்கள். ஐந்து மணிக்குக் கிளம்பிவிட வேண்டும். குடித்திருந்தால் ரயில் மாறுகிற தாணாவிலேயே திரும்பிப் போய்விடுங்கள். அன்றைக்கு வரவில்லை என்றால் காரணம் கேட்கமாட்டேன்.

கீதா

•

கர்ஜத்
1.9.2024

அன்புள்ள கீதாவுக்கு,

எனக்கு வலிக்கவில்லை. நீ உட்கார்ந்தது எனக்குத் தெரிகிறது. நானும் உன் கடிதத்தை உட்கார்ந்துதான் வாசித்தேன், அரிசி மூட்டையின் மேல். நீ வேண்டாம் என்று எழுதுவாய் என்றே நினைத்திருந்தேன்.

பதினோரு மணிக்கு வருகிறேன். சயான் ஸ்டேஷனில் இறங்கி நானே கறி வாங்கி வருகிறேன். ஐந்துக்குக் கிளம்பிவிடுவேன்.

வெயிலுமுத்து

•

தாராவி
16.9.2024

அன்புள்ள அத்தானுக்கு,

கீதா எழுதிக்கொள்வது. இப்போது உங்கள் கையில் ஃபோன் இருக்கிறது, கூப்பிட்டிருக்கலாம். இந்த மூன்று மாதத்தில் நமக்குள் பேச்சு நல்லபடியாகப் போனது காகிதத்தில்தான். அதனால் எழுதுகிறேன்.

நேற்று நீங்கள் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, உள்ளே வராமல் நின்றீர்கள். சாதனா கிட்டே வந்து உங்கள் வாயை முகர்ந்து பார்த்தாள். எனக்கு உயிரே போய்விட்டது. நீங்கள் கோபப்படவில்லை. குனிந்து, "நல்லா பாத்துக்கோ" என்று மட்டும் சொன்னீர்கள். அவள் தலையை ஆட்டிவிட்டு உங்கள் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டாள்.

அடுப்பின் முன்னால் உங்களைப் பார்க்கக் கொஞ்சம் உதறலாகத்தான் இருந்தது. நீங்கள் கல்லில் வைத்துவிட்டு இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு நின்றதைக் கவனித்தேன். சாதனா, "இன்னும் எவ்ளோ நேரம்?" என்று நச்சரித்தாள். "அதுவா விடும் பிள்ள, அவசரப்படாத" என்றீர்கள். என்னைவிட நன்றாகச் செய்தீர்கள். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மிளகு கூடுதல்.

சாப்பிட்டபின் நீங்கள் பாத்திரம் கழுவினீர்கள். சாதனா உங்களுக்கு அவளுடைய சயின்ஸ் புத்தகத்தைக் காட்டிக்கொண்டிருந்தாள். நான் சும்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்தேன். அப்புறம் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. கண் விழித்தபோது மணி ஐந்தேகால். நீங்கள் போய்விட்டிருந்தீர்கள். "எழுப்ப வேண்டாம்னுட்டுப் போனாங்க" என்றாள் சாதனா. என் மேல் போர்வை கிடந்தது.

அத்தான், இந்தப் பதினாறு வருஷத்தில் நீங்கள் வீட்டில் இருந்த நேரத்தில் நான் பகலில் கண்ணை மூடியதே இல்லை. நேற்றுத் தூங்கியிருக்கிறேன். இரண்டு மணி நேரம்.

கீதா