நட்சத்திரக் குறி வரி

6-12-88, செவ்வாய்

திண்டிவனம் கிளையிலிருந்து எங்கள் ஹெட் ஆபீசுக்குக் கணக்கு பிளாப்பி வந்தது. ஃபைலில் நட்சத்திரக் குறி போட்ட வரியைக் கம்ப்யூட்டர் படிக்காமல் தாண்டிவிடும். இரண்டு வருடமாக அந்த வரிகளில்தான் அங்கே கம்ப்யூட்டர் பார்க்கும் சேகர் எனக்கு எழுதுவார்; நானும் பதில் எழுதுவேன். மழை, சாப்பாடு, என் இருமல். இன்று: "தையில எனக்குக் கல்யாணம். பொண்ணுக்கு ஊரு பக்கத்துல பிரம்மதேசம். அவசியம் வரணுங்க."

மதியம் மேனேஜர் கேட்டார்: "புது புரோகிராமுக்கு ஃபைல் எப்படிம்மா இருக்கணும்? நட்சத்திர வரி இருக்கட்டுமா?"

"வேணாங்க சார். சும்மா இடத்த அடைச்சிக்கினு கெடக்குது. நம்பர் மட்டும் போதும்."

"திண்டிவனத்துல சேகரை ஒரு வார்த்த கேட்டுக்கலாமா?"

"வேணாங்க."

சரியென்று கையெழுத்துப் போட்டுவிட்டார்.

பழைய முறையில் இன்று திண்டிவனத்துக்கு அனுப்பியதுதான் கடைசி பிளாப்பி. வாழ்த்து எழுதலாமென்று நட்சத்திரக் குறியை அடித்தேன். அதற்குமேல் எதுவும் அடிக்கவில்லை. வெறும் குறியோடு அந்த வரியை அப்படியே அனுப்பிவிட்டேன்.