ரஞ்சினியின் இலையில் இறால்

எனக்குப் பின் பிறந்த செல்லமே பூரணம்,

உன்னோடு பேசி எத்தனையோ வருஷம். பேசாமல் விட்டவள் நான்தான். மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டவள் எழுதுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

சுனாமிக் கடல் வந்து கல்லடியில் என் மகள் ரஞ்சினியைக் கொண்டுபோய் முப்பத்தோராம் நாள். எங்களுக்கு முகாமாக இருந்த பள்ளிக்கூடத்துக்கு வந்து, அவளுக்குப் படைக்க நீதான் சமைத்தாய். அவள் கைக்குழந்தையாக இருக்க எனக்குப் பால் வற்றியபோது பால் கொடுத்தவள் நீ. செத்தவருக்குப் பிடித்ததைத்தானே நாம் படைப்போம்? நீ இலையில் இறால் குழம்பை வைத்தாய். இறால் வாயில் பட்டாலே ரஞ்சினிக்கு உடம்பெல்லாம் தடித்து வீங்கும்.

"முப்பது நாளையில என்ர புள்ளைய மறந்திட்டியாடி?" இலையைத் தூக்கி முற்றத்தில் எறிந்தேன். சனமெல்லாம் பார்த்தது.

"அக்கா, அந்த வலிப்புக் குளிசை போடத் தொடங்கினதில இருந்து தலைக்குள்ள புகை மாதிரிக் கிடக்கு. நினைக்கிறன், வருகுதில்ல."

"குளிசை தின்ன மட்டும் மறக்கல்ல, என்ன?" என்றேன். ஆட்கள் சிரித்தார்கள். நீயும் சிரிக்கப் பார்த்தாய்.

என் கலியாணத்தில் கை நனைக்காமல் போனவர்களை இன்றைக்கும் வரிசையாகச் சொல்வேன். மறதி பாசமில்லாதவர்களுக்கு வருவது என்றுதான் நினைத்திருந்தேன். அதற்குப் பிறகு நீ வலிப்பென்றும் குளிசையென்றும் யாரிடமும் வாய் திறக்கவில்லையாம். என்னால்தானா?

போர் முடிந்த வருஷம் காய்ச்சலில் நீ செத்துப்போனாய். செத்த வீட்டன்று குருக்கள்மடத்தில் உன் வீட்டு வாசல் படலை வரைக்கும் வந்து, உள்ளே வராமல் திரும்பிவிட்டேன். உன் மகள் மலர் பார்த்துக்கொண்டே நின்றாள்.

போன வருஷம் எனக்கும் வலிப்பு வந்தது. குளிசை தந்தார்கள், வலிப்பு நின்றுவிட்டது. மார்கழியில் ரஞ்சினிக்குப் படைக்க அடுப்படிக்குப் போனேன். அவளுக்கு என்ன பிடிக்கும்? வெகுநேரம் நின்றேன், பூரணம். வரவில்லை. இறால் ஆகாது என்பது மட்டும் நின்றது. கோபத்தோடு வைத்ததெல்லாம் இருக்கிறது, பிள்ளைக்குப் பிடித்தது போய்விட்டது.

கிளினிக்கில் நர்ஸ் பிள்ளையிடம் மெல்லக் கேட்டேன்.

"ஓம் அம்மம்மா, சிலருக்கு இந்த மருந்து அப்பிடிச் செய்யும். மறதி வரும், சொல்லு பிடிபடாது. உங்கட பிழையில்ல. நீங்களா நிப்பாட்டிராதீங்க. டொக்டரிட்டச் சொல்லுவம், அளவக் குறைப்பார், இல்லாட்டி மாத்தித் தருவார்."

உங்கட பிழையில்ல. இந்தச் சொல்லை உனக்கு யாராவது சொன்னார்களா? அந்தப் பிள்ளையின் முகத்தை நிமிர்ந்து பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது.

வருகிற வெள்ளிக்கிழமை குருக்கள்மடம் போகிறேன். மலர் என்னோடு பேசாவிட்டாலும் தெருவில் நின்று, அயலுக்கெல்லாம் கேட்கும்படி சொல்வேன்: பூரணத்தில் பிழையில்லை, பிழை என்னில். வாயில் வராமல் போனால் வாசிப்பதற்காகத்தான் இதை எழுதினேன். நிச்சயமாகப் போவேன்.

உன்னோடு ஒரே வயிற்றில் கிடந்த,
வாய் பொல்லாத அக்கா