கொம்பையாவின் வருகைப் பதிவு

18 மார்ச், செவ்வாய்

இன்று ரிப்பேர் கடைக்குப் பதினான்கு போர்டு வந்தன. எல்லாம் கம்பெனி வாசலில் முகம் பார்த்து வருகை போடும் கருவிக்குள் இருப்பவை. இரண்டு பின்களை இணைத்து யூ.எஸ்.பி.யில் செருகினால், கம்ப்யூட்டர் போர்டைப் பென் டிரைவ் என்று நினைத்துக்கொள்ளும். உள்ளே உள்ளதெல்லாம் தெரியும். திறக்கக் கூடாது, பழையதன் மேலேயே புது மென்பொருளை எழுது என்பது கடை முதலாளி ரகுபதி சார் உத்தரவு.

ஒன்றில் புகார்ச் சீட்டு: ‘இறந்தவருக்குத் தினமும் 6.04க்கு வருகை விழுகிறது.’

அதை மட்டும் எழுதாமல் வந்துவிட்டேன். ஏன்?

19 மார்ச்

எதிர் மேசை மெர்சி அக்காவிடம் சீட்டைக் காட்டினேன். “கொம்பையாடி. 3ஆம் தேதி கம்பெனி பின்னால குட்டைல கெடந்தாரே. அன்னிக்கு வேலைக்கே வரலன்னு கம்பெனிக்காரனுங்க எழுதிக் குடுத்துட்டானுங்க. வந்தாருன்னா அவனுங்க பொறுப்பாயிடும்ல. உனுக்கு இன்னாத்துக்கு?”

20 மார்ச்

திறந்தேன்.

கருவி ஒவ்வொரு முறையும் மூன்று படம் எடுக்கும். 5 முதல் 15 வரை, பதினொரு நாள் கொம்பையா. அதே சட்டை, அதே அரைச் சிரிப்பு. கண் ஒருமுறைகூட இமைக்கவில்லை. பெரிதாக்கினேன் – ஓரத்தில் ஒரு பெண்ணின் கட்டைவிரல். யாரோ அவர் புகைப்படத்தைக் காட்டியிருக்கிறார்கள்.

பிறகு 3ஆம் தேதி, காலை 5.51. வேறு சட்டை, தோளில் துண்டு. இரண்டாவது படத்தில் கண் மூடியிருந்தது.

வந்திருக்கிறார். உயிரோடு.

21 மார்ச்

“இன்னும் போவலையா அது? கம்பெனிலேர்ந்து மூணு போன் வந்துச்சு. என் எதிர்லயே எழுது.” சார் பின்னால் நின்றார்.

நாங்கள் எப்போதும் இரண்டு போர்டைச் சேர்த்துச் செருகுவோம். திரையில் ஒரே பெயர், ஒரே அளவு. எது எதுவென்று செருகியவளுக்குத்தான் தெரியும். நேற்றே முடித்த போர்டின் மேல் மறுபடி எழுதினேன். பச்சைக் கோடு நிறையும்வரை சார் நகரவில்லை. அதையே கருவிக்குள் வைத்து அனுப்பினேன். கொம்பையா பதிவுள்ள போர்டு என் டிராயரில்.

23 மார்ச், ஞாயிறு

சேரப்பணஞ்சேரியில் அவர் மனைவி பாஞ்சாலி அக்காவைப் பார்த்து, 3ஆம் தேதிப் படத்தைப் பற்றிச் சொன்னேன். தென்காசிப் பக்கத்துக்காரர். அழவில்லை.

“வாச்மேன் வாயத் தொறக்க மாட்டேங்கான். மெஷினாவது சொல்லுமான்னு படத்தக் காட்டுனேன் தாயி. ‘கொம்பையா, வருகை பதிவானது’ன்னு பேசிச்சு. அதக் கேக்கத்தான் தெனமும் போனேன்.”

தொழிலாளர் அலுவலருக்கு மனு எழுதிக் கொடுத்தேன்.

30 மார்ச்

தூக்கமில்லை. டிராயர் சாவி தலையணைக்கடியில்.

4 ஏப்ரல், வெள்ளி

தொழிலாளர் அலுவலர் கடைக்கே வந்தார், பாஞ்சாலி அக்காவோடு.

“அது எப்பவோ அழிச்சாச்சு சார்” என்றார் ரகுபதி சார்.

“இல்ல சார்.”

என் குரல்தான். செருகிக் காட்டினேன். 3ஆம் தேதி பணிக்கு வந்திருந்தார் என்று அலுவலர் எழுதி, என்னிடம் கையெழுத்து வாங்கினார். சார், இனி என் நாற்காலியில் மெர்சி அக்காவை உட்காரச் சொன்னார்.

பாஞ்சாலி அக்கா திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“மத்த பதினோரு நாளையும் அழிச்சிரலாமா தாயி? பாவம், செத்தும் வேலைக்குப் போயிட்டிருக்காவ.”

சாட்சி, அழிக்கக் கூடாது என்றேன்.