மூன்றாவது நாசில்

மார்ச் 12, வியாழன்

தோட்ட வேலைக்கு வரும் மாரியப்பன் நான்கு நாளாக வரவில்லை. காரணம் நான்தான். ஞாயிறு காலை ஹோஸ் பைப்பின் முனையில் மாட்டும் பிளாஸ்டிக் நாசில் மறுபடி விரிசல் விட்டிருந்தது. இரண்டு மாதத்தில் மூன்றாவது. "கையா அது, உலக்கையா?" என்று அவர்மேல் பாய்ந்தேன். பக்கத்து வீட்டில் எட்டிப் பார்த்தார்கள்.

இன்று பிரேசர் டவுனில் ஒரு ஹார்டுவேர் கடைக்குப் போய், சீக்கிரம் உடையாத நாசில் வேண்டும் என்றேன். கடைக்காரர் பித்தளையில் ஒன்றை எடுத்து வைத்தார். கையில் கனத்தது.

"இது உழைக்கும் சார். தண்ணி விட்டு முடிச்சதும் எதை மூடுவீங்க? குழாயையா, நாசிலையா?"

"நாசிலைத்தான்."

"அப்ப ராத்திரி பூரா பிரஷர் அதுலயே நிக்குமே. பிளாஸ்டிக் எப்படி சார் தாங்கும்?"

சாயங்காலம் செடிகளுக்குத் தண்ணீர் விடுவது நான். காலையில் விடும் மாரியப்பன் குழாயைத்தான் மூடுவார். "குழாயை மூடிடுங்க சார்" என்று ஒருமுறை என்னிடமும் சொன்னார். எனக்குத் தெரியாதா என்று கேட்டுவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் அவருக்குப் போன் செய்தேன். மனைவிதான் எடுத்தார்.

"அவரு புது நாசில் ஒண்ணு வாங்கி வெச்சிருக்காரு சார். வர்ற ஞாயித்துக்கெழம கொண்டாந்து குடுத்துட்டு, வேலைய விட்டு நின்னுக்கறேன்னாரு."

உடைத்தது நான்தான் என்று சொல்ல வாய் வரவில்லை. "சரிம்மா" என்று வைத்துவிட்டேன்.

படுத்தபின் இரண்டு முறை எழுந்துபோய், குழாய் மூடியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்தேன்.