பால்பேணிக் கோச்சி

ஜனவரி 21, செவ்வாய்

இன்று திருத்த வந்தது மேசை விசிறி ஒன்று, தண்ணீர் மோட்டர் இரண்டு. விசிறிக்கு 36 கேஜ் கம்பி, 850 சுற்று. பெயின்ற் கொம்பனிக்காரன் இந்த டயறியைத் தந்தது இதை எழுதத்தான். மிச்சம் எல்லாம் என் வாய்க்கொழுப்பு.

காலையில் சோமசேகரம் ஐயா கடைக்கு வந்தார். கையில் முகம் துடைக்கிற லேஞ்சி, லேஞ்சிக்குள் கோச்சி இஞ்சினின் மோட்டர், என் பெருவிரல் அளவு. தபால் கந்தோரில் முப்பது வருஷம் காயிதம் பிரித்தவர். பென்சன் எடுத்த நாளிலிருந்து அன்புவழிபுரத்து வீட்டு ஹோலில் தண்டவாளம் போட்டு மாதிரிக் கோச்சி ஓட்டுகிறார். மனைவி, மகளின் பிள்ளைப்பேறு பார்க்கவென்று கனடா போனவர். அந்தப் பிள்ளை இப்போது ஐந்தாம் வகுப்பு.

மூன்று கதவுப் பலகையில் திருகோணமலை, சீனக்குடா, தம்பலகாமம் எல்லாம் வைத்திருக்கிறார். "எல்லாம் நிசத்தின்ர எழுபத்தாறில ஒண்டு, பாக்கியம்" என்று எனக்குச் சொல்லுவார். அந்த அளவில் தன்னையே இரண்டு சென்றிமீற்றரில் மரத்தில் செதுக்கி, கண்ணாடியும் கீறி, பிளாட்போமில் நிறுத்தியிருக்கிறார். ஆனால் தம்பலகாமத்தில் நிற்கிற யானை மட்டும் கண்டியில் கடையில் வாங்கியது. ஸ்டேஷனை விட உயரம்.

"யானை எழுபத்தாறில எத்தினை ஐயா?" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. பன்னிரண்டு வருஷப் பழக்கம். அந்த மனிசன் ஒரு பகிடிக்குச் சிரித்தோ, ஒரு பகிடி விட்டோ நான் கண்டதில்லை.

நான் கம்பி சுற்றச் சுற்ற, தான் எழுதுகிற வரலாற்றை வாசித்துக் காட்டினார். முதலில் தண்டவாளமே இல்லையாம், நிலத்தில் தள்ளுகிற தகரக் கோச்சிதானாம். பிறகு ஸ்பிரிட் எரித்து ஆவியில் ஓடியது, அது போன இடமெல்லாம் தண்ணீர் சொட்டி வீட்டுக்காரியிடம் பேச்சு வாங்கித் தந்ததாம். பிறகு சாவி கொடுக்கிறது. 1891இல்தான் ஒரு ஜெர்மன்காரன், இன்றைக்கு வாங்கின பெட்டி நாளைக்கு வாங்குகிற தண்டவாளத்தில் ஏறும்படி அளவு போட்டு விற்றானாம். இரண்டாம் உலகச் சண்டை முடிந்த கையோடு ஜப்பான்காரர், அமெரிக்கன் ஆமி தின்று எறிந்த தகரப் பேணிகளை வெட்டி விளையாட்டுச் சாமான் செய்தார்களாம்.

பிறகு கொப்பியை மூடினார்.

"மூண்டு கொப்பி எழுதிப்போட்டன். எங்கட திருகோணமலைக்கு ஒரு வரி இல்லை, பாக்கியம். ஒரே ஒரு வரி."

முகம் ஒருமாதிரிப் போய்விட்டது. ஒரு வரிதானே. நான் கொடுத்தால் என்ன?

ஜனவரி 26, ஞாயிறு

கடை பூட்டு. பால்பேணி இரண்டை வெட்டி, தட்டி நிமிர்த்தி, ஈயம் வைத்து ஒட்டிக் கூரை போட்ட ஒரு கோச்சிச் சாமான் பெட்டி செய்தேன். உள்ளங்கை நீளம். பழைய காலத்து விளையாட்டுக் கோச்சிக்குச் சில்லு இடைவெளி 32 மில்லிமீற்றர் என்று ஐயா வாசித்தது காதில் கிடந்தது, அதே அளவு. வள்ளத்துக்கு அடித்து மிஞ்சிய சாம்பல் பெயின்ற். மூலையில் சுத்தியலால் ஒரு போடு. வயது வந்துவிட்டது. இனித் துறைமுகத்து உப்புத் தண்ணீரில் ஒரு கிழமை ஊறட்டும்.

பேணியின் அடிதான் பெட்டியின் தளம். ஒட்டுவதற்கு முதல் அரசி அதைத் தூக்கிப் பார்த்தாள். என் மனிசிக்குக் கண் கூர்மை. பால் கெட்டுப்போகும் திகதி அடியில் குத்தியிருக்கிறது: 11.2025.

"அந்தக் காலத்துப் பெட்டி வாற நவம்பர் வரைக்கும் கெடாதாம்" என்றாள்.

அந்தப் பக்கத்தை உள்ளே வைத்து ஒட்டினேன்.

பெப்ரவரி 2, ஞாயிறு

கொண்டுபோய்க் கொடுத்தேன். "டொக்யார்ட் பக்கம் பம்ப் பூட்டக் கிடங்கு வெட்டினவங்கள் ஐயா. மண்ணுக்க கிடந்ததாம். ஆரோ வெள்ளைக்காரத் துரையின்ர பிள்ளையின்ர சாமானாக்கும்."

என் கணக்கு என்னவென்றால், புரட்டிப் பார்ப்பார், என் கை ஈயத்தைக் கண்டுபிடிப்பார், "அட மடையா" என்பார், இரண்டு பேரும் தேத்தண்ணி குடிப்போம்.

லேஞ்சியை விரித்து அதில் வாங்கினார். கதிரையில் இருந்தார். சில்லு இடைவெளியை அளந்தார். "முப்பத்திரண்டு" என்றார். கொஞ்சம் பொறுத்து, "ஆயிரத்துத் தொளாயிரத்து முப்பத்தெட்டு" என்றார். வருஷம் நான் சொல்லவில்லை. சாட்சிக்கு இந்த டயறி இருக்கிறது.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கண்ணாடியில் ஒன்றும் இல்லை.

பெப்ரவரி 3, திங்கள்

நாளைக்குச் சொல்லுவேன்.

பெப்ரவரி 4, செவ்வாய்

நாளைக்கு.

பெப்ரவரி 9, ஞாயிறு

சொல்ல என்றுதான் போனேன். வாசலில் ஏழு சோடி செருப்பு! கரண்ட் மானி பார்க்கிறவனைத் தவிர ஒருவரும் ஏறாத வீடு அது. அவர் நடக்கிற ஒழுங்கை முழுக்க "கோச்சி ஐயா" என்று பின்னால் சிரித்தவர்கள், இப்போது முன்னால் வந்து கை கட்டிக்கொண்டு நிற்கிறார்கள். ஐயா புதுச் சேட் போட்டிருக்கிறார். மடிப்புக் கூடக் கலையவில்லை. பெட்டி கண்ணாடி அலுமாரிக்குள், சிவப்புத் துணியில், சுவாமி மாதிரி.

"இதைக் கண்டெடுத்தது எங்கட பாக்கியம்தான்" என்று என்னைக் காட்டினார். ஏழு பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் யானையைப் பார்த்தேன்.

பெப்ரவரி 16, ஞாயிறு

இது இன்னும் மோசம்.

கதை கேள்விப்பட்டு, கிண்ணியாவிலிருந்து ஒரு வயதான மனிசி ஐயா வீட்டுக்கு வந்தா. பெயர் றஹ்மா, எண்பத்துமூன்று வயது. மகள் ஹுஸ்னியா கையைப் பிடித்துக் கூட்டிவந்தா. றஹ்மாவின் வாப்பா அந்தக் காலத்தில் டொக்யார்டில் வேலை செய்தவராம்.

பெட்டியை மடியில் வைத்தார்கள். கிழவி கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவினா. கூரை, சில்லு, பிறகு மூலை. நெளிவில் விரல் நின்றது.

"இது எங்கட வாப்பா டொக்யார்டில இருந்து கொண்டந்தது. இந்த நெளிவு இருந்திச்சு. எனக்கு நல்ல நினைவு மகன்."

அந்த நெளிவு என் சுத்தியல் போட்டது. திகதி கூட இந்த டயறியில் இருக்கிறது.

பெட்டியைக் கன்னத்தில் வைத்தா. "வாப்பாட வாசம் அடிக்குது" என்றா. வள்ளப் பெயின்ற் வாசம். எனக்குத் தெரியாதா?

ஐயா கொப்பியைத் திறந்து எழுதத் தொடங்கினார். இனி நான் உண்மையைச் சொன்னால் ஒருவர் மடையர், மற்றவர் பொய்க்காரி. இரண்டு பேரும் செய்த குற்றம் என்ன? என்னை நம்பியது.

மார்ச் 11, செவ்வாய்

ஐயா ஓடிவந்தார், எழுபது வயதில். கொழும்பில் மாதிரிக் கோச்சிக்காரரின் சங்கம் ஒன்று இருக்கிறதாம். அவர்கள் 23ஆம் திகதி வந்து, பெட்டியைத் திறந்து உள்ளே பார்த்து, படம் எடுத்துத் தங்கள் புத்தகத்தில் போடப்போகிறார்களாம்.

"திறந்தோ?" என்றேன்.

"ஓம். உள்ளுக்குத்தான் செய்தவன்ர அடையாளம் இருக்குமாம்."

இருக்கும், ஐயா. இருக்கும்.

மார்ச் 14, வெள்ளி

பேணி அடியின் திகதியை அரத்தால் தேய்த்துவிடலாம் என்று போனேன். "சில்லு இறுகியிருக்கு, கொண்டுபோய் எண்ணெய் விட்டுத் தாறன்" என்றேன். ஐயா விடவில்லை. பழைய சாமானைக் கண்டபடி தொடக்கூடாதாம். இங்கேயே பார் என்று வெள்ளைக் கையுறை ஒரு சோடி தந்தார்.

நான் வெட்டிய பால்பேணியைத் தொட எனக்குக் கையுறை.

வீட்டுக்கு வந்து அரசிக்குச் சொன்னேன். அவள் சிரிப்பாள் என்று பார்த்தேன். "இஞ்சேருங்கோ, கொழும்பு ஆக்கள் திறந்து காட்டினா அந்த மனிசன் பிறகு ஒழுங்கையால நடக்க ஏலுமே? நீங்களே போய்த் திறந்து காட்டுங்கோ" என்றாள். இருபத்தாறு வருஷத்தில் என் பகிடிக்கு அவள் சிரிக்காதது இதுதான் முதல்.

மார்ச் 20, வியாழன்

போனேன். சொன்னேன். எல்லாம், பேணி, பெயின்ற், உப்புத் தண்ணி, சுத்தியல்.

ஐயா நம்பவில்லை!

"உனக்கு எதிலதான் பகிடி இல்லை?" என்கிறார். நான் சத்தியம் பண்ணினேன். போன வருஷமும் ஒரு சத்தியம் பண்ணினாய் என்கிறார். ஓம், பண்ணினேன்தான். பால்பேணி என்றால் என்ன, ஜப்பான்காரன் பேணியில் செய்யவில்லையா என்று கொப்பியை எடுத்து எனக்கே வாசித்துக் காட்டுகிறார். வாழ்க்கையில் ஒருநாள் உண்மை பேச வெளிக்கிட்டேன், அதற்கு எதிராக மூன்று கொப்பிச் சாட்சி.

கடையிலிருந்து ஈயக்கோலைக் கொண்டுவந்து, சுடவைத்து, அவர் கண் முன்னாலேயே தளத்தைக் கழற்றினேன். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். ஒருதரம். திரும்பவும். பிறகு சுவரில் தொங்கிய கலண்டரைப் பார்த்தார்.

ஏசுவார் என்று நின்றேன். ஏசியிருக்கலாம்.

"நீங்கள் போயிட்டு வாங்கோ" என்றார்.

பன்னிரண்டு வருஷமாக என்னை நீ என்று கூப்பிட்ட மனிசன்.

மார்ச் 23, ஞாயிறு

கொழும்புக்காரர் மூன்று பேர் வானில் வந்தார்கள். நான் ஒழுங்கை முடக்கில், தேத்தண்ணிக் கடைக்குள் நின்றேன். அரசி வடை கொண்டுபோகிற சாட்டில் உள்ளே போய்வந்து சொன்னாள்.

ஐயா அவர்களை இருக்கச் சொல்லவும் முதல், பெட்டியைத் திறந்து மேசையில் வைத்தாராம். "இது போலி. இஞ்சதான் செய்தது. பாத்து ஏமாந்தது நான், வருஷம் போட்டதும் நான். உங்களை அலைய வைச்சதுக்கு மன்னிக்கவேணும்" என்றாராம்.

ஆர் செய்தது என்று ஒருவர் கேட்டாராம். சில்லு இடைவெளி மயிரிழை பிசகவில்லையாம், இப்படி இன்னொன்று செய்து தருவானா என்றும் கேட்டாராம்.

ஐயா என் பெயரைச் சொல்லவில்லை.

சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லவில்லை? ஒழுங்கை முழுக்க என்னை ஏசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். மனிசன் அதையும் தரவில்லை.

ஏப்ரல் 14, திங்கள்

வருஷப் பிறப்பு. ஐயா வரவில்லை. அவருக்கென்று அரசி எடுத்துவைத்த பயற்றம் பணியாரத்தைப் பின்னேரம் நானே தின்றேன். ருசி இல்லை. அதை அவளிடம் சொல்லவில்லை, நல்ல நாளில் இன்னொரு சண்டை எதற்கு.

மே 8, வியாழன்

சீலிங் விசிறி மூன்று. பகிடி ஒன்றும் இல்லை.

ஜூன் 13, வெள்ளி

கடைக்கு ஹுஸ்னியா வந்தா. கையில் ஒரு பை. பைக்குள் என் பெட்டி! தளம் கழன்று, ஒரு சில்லு விழுந்து.

"அண்ணன், இத ஒட்டித் தாங்க. உம்மா ஒவ்வொரு நாளும் எடுத்து வைச்சிருக்கிறா. ஐயாதான் ஒட்டிக் கொண்டந்து தந்தார், நிக்கிதில்ல. திருத்த ஏலுமான ஆள் நீங்கதானாம் எண்டார்."

"ஐயாவோ சொன்னவர்?"

"ஓம். போன கிழமை."

பையை மேசையில் வைத்தேன். கிழவிக்கு உண்மை தெரியுமா என்று கேட்டேன். மறைக்காமல் கேட்டேன்.

அவ சொன்ன கதை இது. கொழும்புக்காரர் போன அடுத்த நாளே ஐயா பஸ் ஏறிக் கிண்ணியாவுக்குப் போயிருக்கிறார். றஹ்மாவுக்கு முன்னால் இருந்து, "அம்மா, இது நீங்க நினைச்ச பெட்டி இல்லை. பால்பேணியில செய்தது" என்றிருக்கிறார்.

கிழவி கேட்டாவாம்: "பின்ன எதில செய்வாங்க, தங்கத்திலயா?"

வாப்பா வெள்ளைக்காரனிடம் வாங்கி வந்ததாக அவ ஒருபோதும் சொல்லவில்லை. டொக்யார்டில் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், துரைமார் குடித்து எறிந்த பால்பேணியை வெட்டி, வள்ளத்துப் பெயின்ற் அடித்து, தன் கையால் செய்து கொண்டுவந்தாராம். மகளுக்கு அப்போது ஆறு வயது. மூலையில் நெளிவு, சுத்தியல் வழுக்கியதால். துரை, துரையின் பிள்ளை, எல்லாம் நான் அவிழ்த்த கதை. கேட்ட எல்லோரும் அதையே பிடித்துக்கொண்டு, கிழவியிடம் ஒரு கேள்வி கேட்க மறந்துபோனோம்.

வாசம் என்று அவ சொன்னது சரிதான். அதே பெயின்ற்.

பெட்டியை ஒட்டினேன். இந்த முறை தளத்துக்கு நாலு மூலையிலும் மடிப்பு வைத்து. திகதியை அப்படியே விட்டேன்.

ஜூன் 15, ஞாயிறு

திருத்தின பெட்டியை ஐயாவுக்குக் காட்டிவிட்டுக் கொடுப்போம் என்று அன்புவழிபுரம் போனேன். வாசல் படலையில் நின்று இருமினேன்.

"என்ன, உள்ளுக்க வர உனக்குக் காயிதம் போடவேணுமே?"

உனக்கு என்றார்.

மூன்றாவது கொப்பியின் கடைசிப் பக்கத்தைக் காட்டினார். 1938 எழுதிய தாளைக் கிழித்த அடையாளத்துக்குப் பக்கத்தில் புதுப் பக்கம். நான் ஒவ்வொரு எழுத்தாகத்தான் வாசித்தேன்:

திருகோணமலை, 1948. கிண்ணியா ஸைனுலாப்தீன், டொக்யார்ட் தொழிலாளி, மகள் றஹ்மா விளையாடவெனப் பால்பேணியில் சாமான் பெட்டி ஒன்று செய்தார்.

திருகோணமலை, 2025. உட்துறைமுக வீதி பாக்கியரத்தினம், ஒரு மனிதனை ஏமாற்றவென அதையே செய்தார்.

ஒரு வரி கேட்டவருக்கு இரண்டு வரி. அச்சில் வந்தாலும் வருமாம். "பேரை எடுக்கட்டோ?" என்று கேட்டார். வேண்டாம், கிடக்கட்டும் என்றேன்.

அவர் தேத்தண்ணி போடக் குசினிக்குள் போனார். நான் கோச்சிப் பலகையைச் சுற்றிப் பார்த்தேன். சீனக்குடா அப்படியே. பிளாட்போமில் இரண்டு சென்றிமீற்றர் ஐயா அப்படியே. தம்பலகாமத்தில் குனிந்தேன்.

யானைக்கு முன்னால் ஒரு ஆள். இடுப்பில் நீலச் சாறம். கையில் குறடு. முன்னால் தள்ளிய வயிறு. ஒரு கால் மேலே, வாய் திறந்தபடி, ஓடுகிறான். யானையின் தும்பிக்கை அவன் முதுகுக்கு ஒரு நூல் இடைவெளியில்.

"யானை எழுபத்தாறில எத்தினை எண்டு கேட்டனீ" என்று குசினிக்குள்ளிருந்து குரல் வந்தது. "இப்ப அளவு சரியோ?"

என் வயிறு அவ்வளவு பெரிசில்லை என்று சொல்ல நினைத்தேன். சட்டைப் பையில் அளவுகோல் இருந்தது. எடுத்து அந்த ஆளின் வயிற்றை அளந்து, எழுபத்தாறால் பெருக்கிப் பார்த்தேன்.

சரியாகத்தான் இருந்தது.