சுரங்கத்தின் கையில் என் முகம்

மார்ச் 4, செவ்வாய்

இன்று கடையில் ஒரு அம்மா, புது மூக்குக்கண்ணாடி பிரேமை மாட்டிப் பார்த்துக்கொண்டிருந்தவர் என் பக்கம் திரும்பி, "உங்களுக்கு உடம்பு சரியில்லையா?" என்றார். காலையிலிருந்து நல்ல வியாபாரம். மகள் போனில் பதவி உயர்வு என்று குதித்தாள். மத்தியானம் வயிறாரச் சாப்பிட்டேன். "நல்லாத்தான் இருக்கேன்" என்றேன். அவர் நம்பவில்லை.

இப்படி யாராவது கேட்பது இப்போது வழக்கமாகிவிட்டது. நான் சந்தோஷமாகத்தான் இருக்கிறேன். முகத்துக்குத்தான் சேதி போய்ச் சேரவில்லை.

கன்னம் இரண்டும் தாடைக்குக் கீழே இறங்கிவிட்டன. கழுத்து — அதைப் பற்றிப் பேசாமல் இருப்பதே நல்லது. மூக்குக்கண்ணாடிக் கடையில் திரும்பிய பக்கமெல்லாம் என் முகம்தான் தெரிகிறது. ஐம்பத்தெட்டு வயதில் ஆசைப்படக் கூடாதா? தொங்கிய முகத்தை ஆபரேஷன் பண்ணித் தூக்கும் டாக்டரையே புருஷனாக வைத்துக்கொண்டு?

மார்ச் 9, ஞாயிறு

இவரிடம் சொல்லிவிட்டேன்.

"எதுக்கு?"

"எனக்குத்தான்."

"நான் பண்ண முடியாது. சொந்தப் பொண்டாட்டி முகத்துல கத்தி வைக்கக் கூடாது."

"தெரியும். யார் பண்ணா நல்லது?"

"எங்கிட்ட கத்துக்கிட்ட சின்ன டாக்டரம்மா பண்ணுவா. என் முறையிலயே."

இவர் முறை எனக்கு மனப்பாடம். தோலைத் தூக்கி, அடியில் தசையைப் போர்த்தியிருக்கும் உறையை மடித்துத் தைத்து, அதன்மேல் தோலைப் படியவிட்டு, மிச்சத்தை வெட்டிவிடுவது. இன்னொரு முறை, இவரோடு ஒரே வகுப்பில் படித்த டாக்டருடையது. அவர் அந்த உறைக்கும் அடியில் போவார். அதைக் கட்டிப்போட்டிருக்கும் நார்களை விடுவித்து, தோலும் உறையும் பிரியாமல் மொத்தமாக மேலே நகர்த்துவார். அதனால் இவர் அவருக்கு வைத்த பெயர் சுரங்கம். அவர் இவருக்கு வைத்தது தையல் மிஷின். இருபது வருடமாக டாக்டர்கள் கூட்டங்களில் மேடையிலேயே முட்டிக்கொள்கிறார்கள். வேடிக்கை பார்க்க முன்வரிசைக்கு அடிபிடியாம்.

"சுரங்கம் முறை எனக்கு எப்படி?" என்று கேட்டேன். இவர் வாயில் ரொட்டி இருந்தது. ஒரு துண்டு ரொட்டியை அவ்வளவு நேரம் மென்ற மனிதரை நான் பார்த்ததில்லை.

மார்ச் 12, புதன்

பதில் இல்லை. ரொட்டியும் முடிந்துவிட்டது.

மார்ச் 15, சனி

மத்தியானம் படுத்துக்கொண்டு கைக்கண்ணாடியை முகத்துக்கு மேலே பிடித்துப் பார்த்தேன். பத்து வயது குறைந்து இருந்தேன்! இப்படியே படுத்தபடி கடைக்குப் போக முடிந்தால் செலவே இல்லை. இவர் எட்டிப் பார்த்துச் சிரித்தார். "அதான் ஆபரேஷனுக்கு முன்னாடி உட்கார வச்சுத்தான் முகத்துல கோடு போடுவோம். படுத்தா முகம் பொய் சொல்லும்."

"நீங்க நிமிர்ந்து நின்னுட்டே மழுப்புறீங்களே. எனக்கு எந்த முறை?"

பக்கத்தில் வந்து இரண்டு விரலால் என் கழுத்தைத் தூக்கிப் பார்த்தார், டாக்டராக. உடனே கையை எடுத்துவிட்டார். "ரெண்டுமே நல்ல முறைதான்" என்றார். இருபது வருடத்தில் இவர் வாயிலிருந்து வராத வார்த்தை.

கௌரவம். வேறென்ன? சுரங்கம் பேரைச் சொன்னா கிரீடம் இறங்கிடுமோ? பொண்டாட்டி முகத்தைவிட மேடைதான் பெருசாப் போச்சா? எனக்குக் கோபம் கோபமா வருது.

மார்ச் 26, புதன்

இவரிடம் சொல்லாமல் சுரங்கத்தைப் பார்க்கப் போனேன். சின்ன அறை. ஜன்னலோரம் உயரமான நாற்காலி, மூன்று மடிப்புக் கண்ணாடி. நெட்டையான மனிதர், குனிந்து குனிந்தே பேசுகிறார். பல்லைக் காட்டச் சொன்னார், புருவத்தைத் தூக்கச் சொன்னார், கழுத்தைப் பிடித்துப் பார்த்தார்.

"தங்கச்சி, கழுத்து கனமா இருக்கு. கன்னமும் மொத்தமா இறங்கியிருக்கு. மடிச்சுத் தைச்சா அழகா வரும், ஆறுறதும் சீக்கிரம். ஆனா இந்தக் கழுத்து மறுபடியும் இறங்கிடும்னு நினைக்கிறேன். என் வழியில நேரம் கூடும், வீக்கம் கூடும். ஆனா நிக்கும்."

"ஆபத்து?"

"உதட்டை அசைக்கிற நரம்பு அந்த வழியிலதான் ஓடுது. பெரும்பாலும் ஒண்ணும் ஆகாது. ஆகவே ஆகாதுன்னு சொல்ல மாட்டேன்." பிறகு கேட்டார்: "உங்க வீட்டுக்காரர் என்ன சொல்றார்?"

"வாயே திறக்கல அண்ணா. உங்க முறைன்னாலே அவருக்கு ஆகாதே."

மனிதர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "ஆகாதா? இந்த மாதிரிக் கழுத்து வந்தா எங்கிட்டதான் அனுப்புவான். 'நான் அனுப்பினேன்னு சொல்லிடாதீங்க'ன்னு வேற சொல்லிவிடுவான். வர்றவங்க முதல்ல சொல்றதே அதைத்தான்!"

பஸ்ஸில் எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. பாதி வழியில்தான் உறைத்தது. ஊரார் கழுத்தையெல்லாம் அனுப்புகிறவர், என்னை மட்டும் ஏன் அனுப்பவில்லை?

மார்ச் 27, வியாழன்

கேட்டுவிட்டேன். இவர் ஒரு ஷூவைக் கழற்றியிருந்தார், மறு ஷூவைக் கழற்றாமல் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

"மத்தவங்க வந்தா கழுத்தைப் பாக்குறேன். உன்னைப் பார்த்தா அந்த நரம்பு மட்டும்தான் ஞாபகம் வருது. உன் சிரிப்பு கோணிப்போச்சுன்னா நான் என்ன பண்ணுவேன்?"

"தொங்கிப்போனா பரவாயில்லையா?"

"எனக்குப் பரவாயில்லை. உன் முகம் எப்படி இருந்தாலும் எனக்குப் பரவாயில்லை."

கௌரவம் என்று நினைத்தேனே. மனிதர் பயந்து போய் உட்கார்ந்திருக்கிறார்.

"எனக்கு அப்படி இல்லைங்க. புருஷனா வேண்டாம், டாக்டரா சொல்லுங்க."

மறு ஷூவையும் கழற்றி, இரண்டையும் ஜோடியாக வைத்துவிட்டுத்தான் சொன்னார். "அவன்கிட்ட போ."

அழுதுவிட்டேன். இவரும்தான்.

ஏப்ரல் 2, புதன்

இவரே சுரங்கத்துக்குப் போன் போட்டார். ஒரு நிமிடம் நலம் விசாரிப்பு, ஒரு மணி நேரம் சண்டை. நல்ல சகுனம்.

ஏப்ரல் 22, செவ்வாய்

நாளைக்கு ஆபரேஷன். மகள் வந்துவிட்டாள். "உன் முகம் எனக்குப் பிடிச்சுதானேம்மா இருக்கு" என்கிறாள். எனக்கும் பிடிக்கும் கண்ணு, அதனால்தான் கீழே விழாமல் எடுத்து நிறுத்துகிறேன்.

ஏப்ரல் 26, சனி

தலையைச் சுற்றிக் கட்டு. முகம் பூசணிக்காய். காது இரண்டும் என் காது போலவே இல்லை, மரத்துக் கிடக்கின்றன. மூக்குக்கண்ணாடிக் காம்பைக் காதில் மாட்டக் கூடாதாம். கண்ணாடியை நெற்றியில் டேப் போட்டு ஒட்டியிருக்கிறார்கள். ஊருக்கெல்லாம் கண்ணாடி மாட்டிவிட்டவளுக்கு வந்த கதியைப் பார்!

ஆபரேஷன் முடியும்வரை இவர் மாடிப்படியில் ஏறி இறங்கிக்கொண்டே இருந்தாராம். உள்ளே விடச் சொல்லிக் கேட்டாராம். "புருஷனா வெளிய இரு" என்று சுரங்கம் கதவைச் சாத்திவிட்டாராம்.

ஏப்ரல் 28, திங்கள்

"'ஈ'ன்னு பல்லைக் காட்டு" என்றார் இவர். காட்டினேன். இவர் முகம் மாறியதைப் பார்த்துத்தான் எனக்குத் தெரிந்தது. கீழுதடு வலது பக்கம் இறங்குகிறது, இடது பக்கம் இறங்கவில்லை.

ஐயோ, பயந்ததே நடந்துடுச்சா? நான்தானே பிடிவாதம் பிடிச்சேன்?

சாயங்காலம் சுரங்கம் வீட்டுக்கே வந்தார். இன்றைக்கு இரண்டு பேருக்கும் கைகலப்புதான் என்று நினைத்தேன். இவர் கேட்டது ஒன்றுதான், அதுவும் சன்னமான குரலில். "நரம்பைக் கண்ணால பாத்தியா?"

"பாத்தேன்டா. முழுசா இருந்துச்சு. இழுபட்டு அசந்திருக்கு, அவ்வளவுதான். மாசக்கணக்குல ஆகலாம்."

"அப்ப வந்துடும்" என்றார் இவர். என்னிடம் சொல்லவில்லை, தனக்கே சொல்லிக்கொண்டார்.

மே 18, ஞாயிறு

கடைக்குப் போக ஆரம்பித்துவிட்டேன். தாடை திரும்பி வந்திருக்கிறது, கழுத்தும்தான். "லீவு போட்டு ஊர் சுத்தினீங்களா, தெளிவா இருக்கீங்களே!" என்றார் ஒருவர். நன்றி சொன்னேன், வாயை அதிகம் திறக்காமல்.

உதடு இன்னும் வரவில்லை. தினமும் காலையில் இவர் "சிரி" என்று என்னை ஜன்னல் பக்கம் திருப்பி, இடது வலது பார்ப்பார். ஞாயிறானால் சுரங்கம் வந்து பார்ப்பார். பார்த்துவிட்டுச் சாப்பிட உட்காருவார். அப்புறம் என் முகத்தை நடுவில் வைத்துக்கொண்டு இரண்டு பேரும் சண்டை போடுவார்கள். வீடு கலகலவென்று இருக்கிறது. ஒரு பக்கச் சிரிப்போடு நான் இவ்வளவு நிம்மதியாக இருப்பேன் என்று நினைக்கவில்லை.

ஜூன் 24, செவ்வாய்

காலையில் பல் தேய்க்கும்போது, நுரைக்கு நடுவில் இடது பக்கக் கீழ்ப்பல் தெரிந்தது. கொப்பளித்துவிட்டு மறுபடி பார்த்தேன். தெரிகிறது!

கத்தியதில் இவர் ஓடி வந்தார். பார்த்தார். இன்னொரு தரம் காட்டச் சொன்னார். அப்படியே வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து போன் போட்டார். ஹலோகூடச் சொல்லவில்லை.

"டேய், ரெண்டு பக்கமும் இறங்குதுடா!"

அந்தப் பக்கம் சுரங்கம் போட்ட சத்தம் எனக்கே கேட்டது.

ஜூலை 3, வியாழன்

இவர் இன்று சுரங்கத்தின் ஆபரேஷன் அறைக்குப் போகிறார். உதவியாளர் நிற்கும் பக்கத்தில் நின்று முதலிலிருந்து பார்க்கப் போகிறாராம், அறுபத்தொரு வயதில். சட்டையைத் தானே தேய்த்துக்கொண்டார். "இனிமே மடிச்சுத் தைக்க மாட்டீங்களா?" என்றேன். "தைப்பேன். தைக்க வேண்டிய முகத்துக்குத் தைப்பேன். ரெண்டும் தெரிஞ்சிருக்கணும்ல?" என்றார்.

வாசலில் நின்று திரும்பி, "சிரி" என்றார். சிரித்தேன். இடது வலது எதையும் பார்க்கவில்லை. இவரும் சிரித்துவிட்டுக் கிளம்பிப் போனார்.